மச்சி, எந்தக் கடலுக்குப் போலாம்?

கடைசிப் பேப்பர் எழுதி முடிச்ச அன்னைக்கு சாயங்காலம், கேன்டீன்ல டீ கிளாஸோட உட்கார்ந்திருக்கிற எந்த கேங்கைக் கேட்டாலும் ஒரே டயலாக்தான்: "மச்சி, இந்த வாட்டி கோவா கன்ஃபார்ம்டா!" உடனே ஒரு வாட்ஸ்அப் குரூப் பிறக்கும். முதல் நாள் மெசேஜ் மழை. ரெண்டாவது நாள் கூலிங் கிளாஸ் போட்டோ. மூணாவது நாள் ஒருத்தன், "வீட்ல விடலைடா" என்பான். நாலாவது நாள் ஒருத்தி, "எனக்கு ரெண்டு நாள்தான் லீவு" என்பாள். அஞ்சாவது நாள் குரூப்ல குட்மார்னிங் மெசேஜ் மட்டும்தான் வரும். கோவா பாட்டுக்கு கோவாவிலேயே இருக்கும்!

உங்க குரூப்புக்கும் இதே கதிதானா? கவலையை விடுங்க பாஸ். சென்னையில இருந்து ரயில்ல கோவா போய் வர்றதுக்கே கிட்டத்தட்ட ரெண்டு நாள் போயிடும். கையில இருக்கிறதோ மூணே நாள். ஆனா நம்ம கிட்டயே ஆயிரம் கிலோ மீட்டருக்கும் மேல கடற்கரை இருக்கு. பக்கத்து கேரளாவையும் சேர்த்துக்கிட்டா ரெண்டு கடல். அதுல ஒரு ஊரைப் பிடிக்கிறது எப்படி என்பதுதான் இந்த வார மேட்டர்.

ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு ரூல் போதும். உங்க கேங்கில் பத்துப் பேர்னா, பத்துப் பேரும் கிளம்பக்கூடிய ஊரா இருக்கணும். பத்துப் பேரும் திரும்பி வரக்கூடிய கடலா இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்!

முதல்ல காலண்டர், அப்புறம் போட்டோ!

இன்ஸ்டாவில் பார்த்த போட்டோவைக் காட்டி, "இங்கதான் போறோம்"னு அடம் பிடிக்கிற ஒரு ஜீவன் எல்லா கேங்கிலும் உண்டு. அந்த போட்டோ ஜனவரியில எடுத்ததா இருக்கும். நீங்க போறது ஜூலையா இருக்கும். அதே இடம்தான்... ஆனா கடல் வேற!

கணக்கு சிம்பிள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போ வர்கலா, கோவளம், கோகர்ணானு மேற்குக் கரை முழுக்க கடல் கொந்தளிப்பா இருக்கும். மழையை ரசிக்கப் போனா ஓகே. கடலில் இறங்கணும்னு போனா நோ சான்ஸ். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போ நம்ம கிழக்குக் கரையோட டர்ன். புயல் சின்னம், மீனவர்களுக்கு எச்சரிக்கைனு டி.வி.யில அடிக்கடி பார்ப்பீங்களே, அதே சீசன்தான்.

பொங்கல் லீவில் இருந்து மார்ச் வரைக்கும்தான் ரெண்டு கரையும் ஓரளவு சமத்தா இருக்கும். வெயிலும் கொல்லாது. செமஸ்டர் லீவு மே மாசம்தான்னா, பகல் 11 மணியில் இருந்து 4 மணி வரைக்கும் மணலில் கால் வைக்க முடியாது என்பதை இப்பவே குறிச்சு வெச்சுக்கோங்க. இன்னொரு விஷயம்... கிழக்குக் கரையில் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில ரெஸ்ட் எடுக்கும். வஞ்சிரம் வறுவல் கனவோட போனீங்கன்னா, பில்லைப் பார்த்து கண்ணுல தண்ணி வரும்!

எந்த ஊர், யாருக்கு?

மாமல்லபுரம்: 'வீட்ல நைட் தங்க விட மாட்டாங்க' கோஷ்டிக்கு இதுதான் ஃபர்ஸ்ட் சாய்ஸ். சென்னையில இருந்து சுமார் 55 கிலோ மீட்டர். காலையில கிளம்பி, இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடலாம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ஜுனன் தபசு, உருண்டு விழுறேன் விழுறேன்னு நூற்றாண்டுக்கணக்கா போக்குக் காட்டுற வெண்ணெய் உருண்டைப் பாறை... எல்லாமே நடக்கிற தூரம். 1984ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின இடம். 2004 சுனாமி மணலை அரிச்சுட்டுப் போனப்போ, அதுவரை புதைஞ்சு கிடந்த சில சிற்பங்கள் வெளியே வந்தன. கடற்கரைக் கோயில் பக்கம் அலை வேகமும் இழுப்பும் ஜாஸ்தி. அங்க கல்லைப் பாருங்க, கடலைப் பாருங்க. குளியல் வேண்டாம்.

போற வழியிலேயே கோவளம் இருக்கு. அலைச்சறுக்கு கத்துத் தர்ற இடம். 2021ல் நீலக் கொடிச் சான்று வாங்கின கடற்கரை. கழிப்பறை, உடை மாற்றும் அறை, உயிர்காப்பாளர் எல்லாம் இருந்தாதான் அந்தக் கொடி கிடைக்கும். பசங்களுக்கு இது சின்ன விஷயமா தெரியலாம். கேங்கில் இருக்கிற பொண்ணுங்களைக் கேட்டுப் பாருங்க... ஊரை முடிவு பண்றதே அதுதான்!

(ஒரு முக்கிய அறிவிப்பு: சென்னை பக்கம் ஒரு கோவளம், கன்னியாகுமரி பக்கம் ஒரு கோவளம், திருவனந்தபுரம் பக்கம் ஒரு கோவளம். ஆக மொத்தம் மூணு! ரூம் புக் பண்றதுக்கு முன்னாடி எந்தக் கோவளம்னு ஒருமுறைக்கு ரெண்டுமுறை பார்த்துக்கோங்க.)

புதுச்சேரி: சென்னையில இருந்து ஈ.சி.ஆர். வழியா சுமார் 150 கிலோ மீட்டர். மஞ்சள் சுவர், பிரெஞ்சுத் தெருப் பெயர், கையில் ஒரு குரோசான்... ப்ரொஃபைல் பிக்சருக்குப் பஞ்சமே இல்லை. சாயங்காலமானா கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திடுவாங்க. காந்தி சிலையில் ஆரம்பிச்சு நடக்க ஆரம்பிச்சா பேச்சு தீரவே தீராது. ஆனா நிறைய பேர் அங்க போய் இறங்கினதும் கேட்கிற கேள்வி, "பீச் எங்கப்பா?" ஏன்னா ஊருக்கு முன்னாடி பெரும்பாலும் கருங்கல்தான்.

இதுக்குப் பின்னாடி ஒரு இன்ஜினீயரிங் பாடம் இருக்கு. நம்ம கிழக்குக் கரையில் மணல், வருஷத்தில் பெரும்பகுதி தெற்கில் இருந்து வடக்கா நகர்ந்துகிட்டே இருக்கும். 1980களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள தடுப்புச் சுவர் கட்டினாங்க. வந்துகிட்டிருந்த மணல் தெற்கிலேயே நின்னுபோச்சு. வடக்கில் இருந்த ஊரோட கடற்கரையைக் கடல் தின்னுருச்சு. பின்னாடி கடலுக்குள்ள செயற்கைத் திட்டு போட்டு, ஒரு பகுதியில மணலைத் திரும்ப வரவெச்சாங்க. மணல்ல விளையாடணும்னா துறைமுகத்துக்குத் தெற்கே போகணும். சுண்ணாம்பாறு படகுத்துறையில இருந்து படகில் போற பாரடைஸ் பீச், சின்ன வீராம்பட்டினம் பக்கம் ஈடன் பீச் எல்லாம் அங்கதான்.

தரங்கம்பாடி: கூட்டம் அலர்ஜியா? புக், ஹெட்போன், ரெண்டே ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் போதும்னு நினைக்கிற ஆளா? உங்களுக்கான ஊர் இது. 1620ல் டேனிஷ்காரங்க கட்டின டான்ஸ்போர்க் கோட்டை, கடலைப் பார்த்துட்டு அப்படியே நிக்குது. 1706ல் சீகன்பால்கு வந்து இறங்கி, தமிழில் புத்தகம் அச்சடிச்ச ஊர். 1845ல் டேனிஷ்காரங்க இதை ஆங்கிலேயருக்கு வித்துட்டுக் கிளம்பிட்டாங்க. பக்கத்துலயே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதுல கொஞ்சத்தைக் கடலே எடுத்துக்கிச்சு. ஊரே ஒரு மணி நேரத்துல சுத்தி முடிஞ்சிடும். அதுதான் அழகு! தங்கும் இடம் குறைவு. மயிலாடுதுறையிலயோ காரைக்கால்லயோ ரூம் போட்டுட்டு பஸ்ல வந்துட்டுப் போறது பர்ஸுக்கு நல்லது.

ராமேஸ்வரம் - தனுஷ்கோடி: 'ராமேஸ்வரமா? அது பாட்டியோட போற ஊராச்சே!'னு முகம் சுளிக்காதீங்க. ஒரு ட்ரிப்ல ரெண்டு விதக் கடலைப் பார்க்கணும்னா இங்கதான் போகணும். ஒரு பக்கம் பாக் நீரிணை. ஆழம் குறைவு, இலங்கை குறுக்கே நிக்கறதால பெரிய அலை உள்ளே வராது. ஊர்க்காரங்க இதைப் 'பெண் கடல்'னு சொல்றாங்க. இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. இது 'ஆண் கடல்'. காற்று சீசன்ல சத்தமும் ஆட்டமும் தாங்காது. (பேரு வெச்சவங்க யாருன்னு தெரிஞ்சா பொண்ணுங்க சண்டைக்குப் போகலாம்!)

தனுஷ்கோடியில் செல்ஃபி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல், இந்த ஊரையே அழிச்சது. பாம்பனில் இருந்து வந்த பாசஞ்சர் ரயில் ஒண்ணு பயணிகளோட கடலுக்குள்ள போயிருச்சு. இடிஞ்ச சர்ச்சும், ஸ்டேஷன் சுவரும் அதோட மிச்சம்தான். 2017ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டாங்க. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினாங்க. 2025 ஏப்ரல் 6ல் புதுப் பாலம் திறந்ததால, இப்போ ரயிலிலேயே கடலைத் தாண்டி ராமேஸ்வரம் இறங்கலாம். அரிச்சல்முனையில் ரெண்டு கடலும் மோதுது. அங்க தண்ணியில இறங்கவே கூடாது. சாயங்காலத்துக்கு மேல போலீஸ் திருப்பி அனுப்பிடுவாங்க, அதனால காலையிலேயே போயிடுங்க.

கன்னியாகுமரி: தென் மாவட்டக் கல்லூரிகளுக்கு இதுதான் பக்கம். விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர், ரெண்டையும் சேர்த்து 2024 டிசம்பர் 30ல் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். சூரியன் கடலுக்குள்ளயே இறங்கறதைப் பார்க்கணும்னா குளிர்கால மாசங்கள்ல போங்க. அப்போதான் சூரியன் தென்மேற்குப் பக்கமா மறையும். காற்று மாசங்கள்ல படகு அடிக்கடி நின்னுடும். பாறைக்குப் போகாமலே திரும்பின கதை நிறைய உண்டு.

வர்கலா: திருவனந்தபுரம் - கொல்லம் ரயில் பாதையில் வர்கலா சிவகிரி ஸ்டேஷன். செம்மண் பாறைச் செங்குத்து மேல கடைகள், கீழே கடல். கோவா ஃபீலிங் வேணும்னு அடம் பிடிக்கிற அந்த ஜீவனை இங்க கூட்டிட்டுப் போயிடுங்க. நவம்பர் கடைசியில இருந்து மார்ச் வரைக்கும் பெஸ்ட். பாறை விளிம்பில் ராத்திரி ரீல்ஸ் எடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

திரும்பி வர்ற கடல்

இப்போ கொஞ்சம் சீரியஸ். 2024 மே 6ம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்துல இருக்கிற லெமூர் கடற்கரை. ஒரு கல்யாணத்துக்கு வந்த மருத்துவ மாணவர்கள் கடலைப் பார்க்கப் போனாங்க. அதுல அஞ்சு பேரை அலை இழுத்துட்டுப் போயிடுச்சு. எல்லாரும் நம்ம வயசுதான். கிளம்பினப்போ அவங்க வீட்ல என்ன சொல்லி அனுப்பியிருப்பாங்களோ, அதையேதான் நம்ம வீட்லயும் சொல்லி அனுப்புறாங்க: "பார்த்துப் போயிட்டு வாங்க."

அன்னைக்குப் புயல் இல்லை, மழையும் இல்லை. வந்தது 'கள்ளக்கடல்'. கேரள மீனவர்கள் வெச்ச பேரு. திருடன் மாதிரி சொல்லாம வருமாம். பல ஆயிரம் கிலோ மீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலோட தென்கோடியில ஒரு புயல் அடிக்கும். அங்க கிளம்பின அலை சில நாள் பயணம் பண்ணி நம்ம கரைக்கு வந்து சேரும். இங்க வானம் நீலமா, காத்து அமைதியா இருக்கும். கடல் மட்டும் திடீர்னு ஏறும். பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாசங்கள்லதான் இது அதிகம்... அதாவது நம்ம லீவு சீசன்! ஹைதராபாத்தில் இருக்கிற பெருங்கடல் தகவல் மையமான இன்காய்ஸ், இதை முன்கூட்டியே கணிச்சு எச்சரிக்கை விடுது. அந்த நாட்களிலும் எச்சரிக்கை விட்டிருந்தாங்க. ஹோட்டல் ரிவ்யூ படிக்க அரை மணி நேரம் செலவு பண்றோமே, கிளம்புற அன்னைக்குக் காலையில இன்காய்ஸ் வெப்சைட்டைப் பார்க்க ரெண்டு நிமிஷம் போதும்.

இன்னொரு வில்லன், இழுப்பு. கரைக்கு வந்த தண்ணி எல்லாம் திரும்பக் கடலுக்குப் போகணும்ல? அது ஒரு குறுகலான வழியைப் பிடிச்சு வேகமா வெளியே ஓடும். விநாடிக்கு 2 மீட்டருக்கு மேலகூட போகும். அவ்ளோ வேகத்தை எதிர்த்து நீச்சல் சாம்பியனாலகூட ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. இதுல கொடுமை என்னன்னா, அந்த இடத்துல அலை உடையாது. ரெண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவுல மட்டும் அமைதியா தெரியும். நாமளும், "மச்சி, இங்க அலையே இல்ல, வாடா!"னு சரியா அங்கேயே இறங்குவோம்.

மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து நீந்தாதீங்க. களைப்புதான் ஆளை முழுங்கும். மிதங்க. கையைத் தூக்கிக் கூப்பிடுங்க. முடிஞ்சா கரைக்கு இணையா, பக்கவாட்டில் நீந்துங்க. இழுப்பு பெரும்பாலும் குறுகலானதுதான், அதை விட்டு வெளியே வந்ததும் கரைப் பக்கம் திரும்பலாம். ஃப்ரெண்டு மாட்டிக்கிட்டா? ஒருத்தனைக் காப்பாத்த நாலு பேர் கைகோத்து இறங்கி, நாலு பேருமே போன செய்தி படிச்சிருப்பீங்க. குதிக்காதீங்க. மிதக்கிற எதையாவது வீசுங்க... காலி கேன், கயிறு, எதுவா இருந்தாலும் சரி. மீனவர்களைக் கூப்பிடுங்க. 112க்கு அடிங்க.

'முழங்கால் தண்ணிதானே'ங்கிற சமாதானமும் வேண்டாம். ஒரு கன மீட்டர் கடல்தண்ணி ஆயிரம் கிலோவுக்கு மேல. ஒரு காரே வந்து மோதுற எடை. குடிச்சுட்டு இறங்குறதைப் பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்லைனு நினைக்கிறேன்.

எந்த ஊருக்குப் போனாலும் இறங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. கரையில வலை பிரிச்சுட்டு இருக்கிற அண்ணன்கிட்ட, "அண்ணே, இங்க இறங்கலாமா?"னு கேளுங்க. "வேணாம் தம்பி"னு சொன்னா, அதுக்கு மேல அப்பீல் கிடையாது. நமக்கு அது பீச். அவங்களுக்கு அதுதான் ஆபீஸ். அவங்க படகு மேல ஏறி உட்காராம, காயப்போட்ட கருவாட்டை மிதிக்காம, குப்பையைப் பையில் போட்டு எடுத்துட்டு வந்தா, அடுத்த கேங்குக்கும் அதே அண்ணன் பதில் சொல்வார்.

ஒல்லி பர்ஸ் ஃபார்முலா

ட்ரிப் பிளான்ல "எனக்கு வேலை இருக்குடா"னு கழண்டுக்கிறவனுக்கு நிஜமா வேலை இருக்காது. பணம் இருக்காது. அதை எல்லார் முன்னாடியும் சொல்ல வாய் வராது. இதுக்கு ஒரு வழி இருக்கு. ஊர் பேரைச் சொல்றதுக்கு முன்னாடியே, ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுங்க. தன்னால எவ்ளோ முடியும்னு எழுதிப் போடட்டும், பேர் எழுத வேண்டாம். இருக்கிறதுலயே குறைஞ்ச தொகை எதுவோ அதுதான் ட்ரிப்போட பட்ஜெட். அந்தத் தொகைக்குள்ள வர்ற ஊர் எதுவோ, அதுதான் ஊர். ரெண்டு நாள் வரலைன்னா ஒரு நாள். ஏ.சி. ரூம் வரலைன்னா நைட் பாசஞ்சர்ல போய் விடியகாலை இறங்குங்க.

பணத்தை மிச்சம் பிடிக்க இன்னும் சில டிப்ஸ். ரயில் ரிசர்வேஷன் இப்போ 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது, அந்த நாளை போன்ல அலாரம் வெச்சுக்கோங்க. சனிக்கிழமையை விட்டுட்டு செவ்வாய், புதன்னு போனா ரூம் வாடகையும் குறையும், கூட்டமும் குறையும். பல லாட்ஜ்ல 'பேச்சுலர்ஸ்க்கு ரூம் இல்லை'னு கையை விரிப்பாங்க. அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடியே "நாங்க காலேஜ் ஸ்டூடன்ட்ஸ், இத்தனை பேர்"னு போன் பண்ணிச் சொல்லிடுங்க. எல்லார்கிட்டயும் ஒரிஜினல் ஐ.டி. இருக்கணும்.

'ஐ.வி. போறேன்மா!'

வீட்ல பெர்மிஷன் வாங்குறது அரியர் கிளியர் பண்றதைவிட கஷ்டம். ஒத்துக்கிறேன். அதுக்காக இண்டஸ்ட்ரியல் விசிட்னு சொல்லிட்டு பீச்சுக்குப் போறது ரொம்ப தப்பான பிளான். ஏதாவது ஆச்சுன்னா, நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கன்னே யாருக்கும் தெரியாது. ஒரு பேப்பர்ல ஊர், லாட்ஜ் போன் நம்பர், போற-வர்ற ட்ரெயின், கூட வர்ற ரெண்டு பேர் நம்பர்... இதை எழுதி அம்மா கையில குடுத்துப் பாருங்க. பாதி வீட்டில் அந்தப் பேப்பர்தான் கேட்டைத் திறக்கும்.

அப்பவும் ஒருத்திக்கு மட்டும் 'ஆறு மணிக்குள்ள வீடு'தான்னா, அவளை விட்டுட்டுக் கிளம்பாதீங்க. ஊரை மாத்துங்க. மூணு நாள் வர்கலாவில் ஆறு பேர் இருக்கிறதைவிட, ஒரு நாள் மாமல்லபுரத்தில் பத்துப் பேர் இருக்கலாம். ஃபைனல் இயர் முடிஞ்சா ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு ஷிஃப்ட். அப்போ பணம் இருக்கும், லீவு ஒத்து வராது.

சரி, துண்டுச்சீட்டு கிழிக்க ஆரம்பிங்க. போறப்போ ஸ்டேஷன்ல ஒருமுறை தலையை எண்ணுங்க. கடல்ல இருந்து ஏறினதும் ஒருமுறை எண்ணுங்க. கணக்கு சரியா வந்தா, அந்த ஊர்தான் சூப்பர் ஊர்!